வேடந்தாங்கல் ஏரியில் பறவை பார்த்தல்: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவில், சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில், வேடந்தாங்கல் என்னும் கிராமம் உளது. அக்கிராமத்து ஏரி சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. இவ்வளவு ஜலப்பரப்புள்ள ஏரிகள் அந்த ஜில்லாவில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆயினும் கார்த்திகை மாதந்தொடங்கிப் பங்குனி மாதம் வரையில் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டுவதும், அவற்றைக் காண வெளியூர்களிலிருந்து ஜனங்கள் திரள்வதும் இந்த ஏரிக்கே வாய்த்த சிறப்பாகும். தாங்கல் என்பது சிற்றேரிக்குத் தொண்டைநாட்டில் வழங்கும் பெயர். வேடர் பெயரால் அமைந்த ஊர் பறவைகளுக்கு அடைக்கலமாயிருப்பதைக் கண்டு வருவோர் வியப்பதுண்டு.

கூட்டுறவுச் சங்கத்தார் பலர் ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வண்டியேற்றி இவ்வேரிக்கு அழைத்துச் செல்கின்றனர். அது நல்ல வழக்கமே. ஆனால் அவ்வாறு சென்றவர்களில் பாதிப்பேர் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. உச்சிப்பொழுதில் போய் இறங்கி, கரைமேல் ஆரவாரத்துடன் நடந்து, தூரத்து மரங்களில் வெள்ளைப் புள்ளிகள் சில தெரிவதைப் பார்த்து, ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று சொல்லி, கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டுவிட்டு வண்டியேறுகின்றனர். குற்றம் ஏரியினிடத்தும் இல்லை, பறவைகளினிடத்தும் இல்லை. பார்க்கும் முறை தெரியாமற் போனதே காரணம். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் இவ்வேரி எவ்வாறு காக்கப்பட்டது என்பதைச் சங்க அங்கத்தினர் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கி பிடித்தோர் இங்கு வந்து பறவைகளைச் சுட்டு வந்ததாகவும், கிராமத்தார் அதனைப் பொறாது கலெக்டரிடம் முறையிட்டதாகவும் அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை 1798-ஆம் வருஷத்தில் கிராமத்தாருக்கு அனுகூலமாகக் கவுல் கொடுத்தார். அவ்வுரிமை 1858-ல் மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் ஏரி பறவைகளின் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பின்னர் வந்தது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவுள்ள பிரதேசமும் சரணாலயத்தில் சேர்க்கப்பட்டது. 2022-ல் இவ்வேரி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவில் இடம்பெற்றது. அருகிலுள்ள கரிக்கிலி ஏரியும் அதே வருஷத்தில் அந்த ஜாபிதாவில் சேர்ந்தது.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் ஏற்பட்டது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் மதராஸ் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் அவ்வருஷமே பதிவாயிற்று. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே, அதே ஜில்லாவைச் சேர்ந்த இன்னொரு கிராமத்தார், பதிவும் உபவிதியும் இல்லாமலே, ஒருவர் ஆசைக்காக எல்லோர் நன்மையும் கெடலாகாது என்று ஒன்றுகூடி நின்றிருக்கின்றனர் என்பதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். அந்த நன்மை வெறும் பட்சாதாபத்தால் வந்ததன்று. பறவைகளின் எச்சம் ஏரி ஜலத்தில் விழுந்து கரைகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்த ஜலம் மதகு வழியாக ஆயக்கட்டு நிலங்களுக்குப் பாய்கையில் எருவும் உடன் பாய்கிறது. வண்டிக் கூலியில்லாமல், கடன் பத்திரம் எழுதாமல், வருஷந்தோறும் வாசலுக்கு வந்து சேரும் எரு இது. ஆகவே பறவையைச் சுட்டவன் அவ்வூராருடைய வயலின் எருவைத் திருடினவனாகவே கருதப்பட்டான்.

பறவைகள் இவ்வேரியைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் ஏரியின் நடுவே நிற்கும் மரங்களாம். நீர்க்கடம்பும் கருவேலும் அவற்றுள் முக்கியமானவை. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியபின் இம்மரங்கள் இடுப்பளவு ஜலத்திலும் அதற்கு மேலும் நிற்கின்றன. அடியில் ஜலம் இருக்கும் வரையில் நரியும் காட்டுப்பூனையும் மரத்தை அணுகமாட்டா. அந்த ஜலமே கூடுகளுக்குக் கோட்டையகழி. மழை தவறிய வருஷத்தில் மரம் இருந்தும் அகழி இல்லாமையால் பறவைகள் கூடு கட்டாமற் போய்விடுகின்றன. எனவே பிரயாணம் புறப்படுமுன் அவ்வருஷம் ஏரி நிரம்பியதா என்று விசாரித்தறிதல் முதற் காரியம். மழை நன்கு பெய்த வருஷத்தில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உத்தமம். கூடு கட்டுதலையும் அடைகாத்தலையும் காண விரும்புவோர் முற்பகுதியிலும், குஞ்சுகளைக் காண விரும்புவோர் பிற்பகுதியிலும் செல்லலாம்.

பொழுதைப் பற்றிச் சொல்லுமிடத்து, விடியற்காலையும் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பட்ட நேரமுமே ஏற்றவை. பறவைகளுட் பெரும்பாலன இவ்வேரியில் தங்குகின்றனவே யொழிய இங்கேயே இரைதேடுவதில்லை. காலையிற் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் பறந்து சென்று, மீனும் தவளையும் நத்தையும் பூச்சியும் தின்று, மாலையில் திரும்புகின்றன. ஆதலால் நண்பகலிற் பார்ப்பவன் ஆள் வேலைக்குப் போயிருக்கும் வீட்டைப் பார்ப்பவனை ஒப்பான். மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரையில் கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவனோ, கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பறவைகளை எண்ணி மாளாதவன் ஆவான். அங்குமிங்கும் நடப்பவனைவிட உட்கார்ந்திருப்பவனுக்கே பறவைகள் நன்கு புலப்படுகின்றன என்பது அனுபவத்தில் தெரியும்.

இனிப் பறவைகளை அடையாளங்கண்டு கொள்ளும் வகை. புதிதாகப் பார்ப்பவர் நிறத்தை மட்டும் நம்பி மயங்குகின்றனர். இவ்வேரியில் வெண்ணிறப் பறவைகள் பலவகை. நிறத்தைக் கொண்டு தொடங்கினால் எல்லாம் கொக்காகவே முடியும். ஆகவே முதலில் பறக்கும்போது கழுத்தைக் கவனிக்க வேண்டும். கழுத்தை மடித்து, தலையைத் தோளோடு சேர்த்துக்கொண்டு பறந்தால் அது கொக்கினத்தைச் சேர்ந்தது. பெரிய கொக்கு, சிறிய கொக்கு, மடையான், வக்கா, சாம்பல் நாரை ஆகிய யாவும் அப்படியே. கழுத்தை முன்னே நேராக நீட்டிப் பறந்தால் அது நத்தைகுத்தி நாரையாகவோ, மஞ்சள்மூக்கு நாரையாகவோ, அரிவாள் மூக்கனாகவோ, கரண்டிவாயனாகவோ இருத்தல் வேண்டும். சாம்பல் நாரை பெயரளவில் நாரையாயினும் கழுத்தை மடிப்பதால் கொக்கினத்தின்பாற் பட்டதே. கூழைக்கடா உருவத்தில் மிகப் பெரிது. அதுவும் கழுத்தை ஒடுக்கியே பறக்கும். ஆனால் அலகின் நீளமும் உடலின் பருமனும் அதனைப் பிறவற்றோடு மயங்கவிடா.

கழுத்துக்குப்பின் அலகு. பறவையின் அலகு தொழிலாளியின் ஆயுதம் போன்றது. ஆயுதத்தைக் கண்டால் தொழில் தெரிந்துவிடும். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளும் நுனியில் கூடியும் நடுவில் சற்றே விலகியும் இருக்கும். அவ்விடைவெளி வழியாக அப்பால் வெளிச்சம் தெரியும். வழுக்கும் நத்தையைப் பற்றி, உள்ளிருக்கும் தசையை வெளியே இழுப்பதற்கு இவ்வலகு உதவுகிறது. குஞ்சின் அலகில் இவ்விடைவெளி இல்லை, வளர வளரவே உண்டாகிறது. ஆதலால் இடைவெளி இல்லாத நத்தைகுத்தியைக் கண்டு வேறு ஜாதி என்று வாதாடுவோர் அது இளம் பறவை என்பதை நினைவிற் கொள்க. கரண்டிவாயன் தட்டையான அலகைச் சற்றுத் திறந்து ஜலத்தில் இடமும் வலமுமாக அரிவாள் வீசுவதுபோல வீசி நடக்கும், அகப்பட்டதைக் கவ்விக் கொள்ளும். வெள்ளை அரிவாள் மூக்கன் தலையும் கழுத்தும் மயிரற்றுக் கறுத்திருக்க, வளைந்த அலகைச் சேற்றிற் குத்தித் துழாவும். மஞ்சள்மூக்கு நாரை பாதி திறந்த அலகை ஜலத்துள் வைத்துக்கொண்டு நிற்கும், மீன் தட்டுப்பட்ட கணத்தில் மூடும். அதன் முதுகுப்புறத்து இறகுகளில் தோயும் ரோஜா நிறத்தை வெயில் சாயும் வேளையிற் காண வேண்டும். பட்டுப்புடவையில் அந்நிறம் வாராது என்று பெண் அங்கத்தினர் சொல்வது மிகையன்று.

கூழைக்கடாவின் கீழலகில் தோற்பை உண்டு. அதனை வலைபோல விரித்து மீனை ஜலத்தோடு முகந்து, ஜலத்தை வடியவிட்டு மீனை விழுங்குகிறது. கூட்டிலிருக்கும் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து உண்பதைக் கண்ட பிள்ளைகள் ‘குஞ்சை விழுங்குகிறது’ என்று கூச்சலிடுவர். அது ஊட்டுதலே என்று பெரியோர் முன்கூட்டிச் சொல்லிவைத்தல் நலம்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கறுத்த உருவத்தால் ஒன்றையொன்று ஒத்தவை. நீர்க்காகம் நுனி வளைந்த அலகால் மீனைக் கவ்வும். பாம்புத்தாராவின் அலகோ ஈட்டிபோற் கூரியது, அதனால் மீனைக் குத்தும். நீந்துகையில் பாம்புத்தாராவின் உடல் முழுதும் மூழ்கி, கழுத்து மட்டும் பாம்பு தலை தூக்கினாற்போல மேலே தெரியும், அதுவே அதன் பெயர்க் காரணம். இரண்டுக்கும் இறகு ஜலத்தில் நனைந்துவிடுகிறது. ஆகவே கரையேறியதும் சிறகை விரித்துக்கொண்டு வெயிலில் நிற்கின்றன. சிறகொடிந்து நிற்பதாக எண்ணி அருகிற் போய்ப் ‘பரிகாரம்’ செய்ய முற்படுவோர் உண்டு. அவற்றைத் தொடாதிருப்பதே பரிகாரம்.

வெண்கொக்குகளைப் பிரித்தறிவது சற்றுக் கடினம். சிறிய வெண்கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், மஞ்சட் குழம்பில் மிதித்து வந்தாற்போல் இருக்கும். மாடுகளின் பின்னே திரியும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் பொன்னிறமாகும். பெரிய வெண்கொக்கு எல்லாவற்றிலும் உயரமானது, அதன் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் செல்லும். இவை மூன்றையும் முதல் நாளில் தெரிந்துகொண்டாற் போதும். நடுத்தரக் கொக்கை இரண்டாம் பயணத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். ‘இப்பறவைகளெல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன, இங்கே குஞ்சு பொரித்துக்கொண்டு திரும்புகின்றன’ என்று வண்டியோட்டி முதல் வாத்தியார் வரையில் எல்லோரும் சொல்கின்றனர். உண்மை வேறு. இவ்வேரி மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கொக்கு, நீர்க்காகம் யாவும் இந்நாட்டுப் பறவைகளே. மழையையும் இரையையும் தொடர்ந்து அவை நாட்டுக்குள்ளே இடம் மாறுகின்றன. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வருபவை வேறு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலிய வாத்துகளும், உள்ளான் வகைகள் பலவும் அவ்விதம் வருகின்றன. அவை ஜலத்திலும் சேற்றிலும் மேய்ந்து குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பிப் போகின்றன, இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டுவது உள்ளூர்ப் பறவை, கூடு கட்டாதது அயல்நாட்டு விருந்தாளி என்று பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வேறுபாடு பேச்சுக்கு மட்டும் உரியதன்று. விருந்தாளி எங்கோ பிறந்தது, அதன் குலம் வேறெங்கோ விருத்தியாகிறது. ஆனால் கூழைக்கடாவின் அடுத்த தலைமுறை இத்தகைய சில ஏரிகளின் மரங்களையே நம்பியிருக்கிறது. அம்மரங்களைக் காக்கத் தவறினால் வேறு தேசத்தார் யாரும் வந்து காக்கப் போவதில்லை.

பார்க்கும் கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பைனாகுலர் என்னும் இரட்டைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி பெரிதும் உதவும். அதன்மேல் 8×30 அல்லது 8×42 என்று பொறித்திருப்பர். முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் காட்டும். முதல் எண் 8 உள்ளது கையாளுவதற்கு ஏற்றது. ‘16 மடங்கு’, ‘20 மடங்கு’ என்று சந்தையில் விற்பதை வாங்கினவர் கைநடுக்கத்தால் பறவைக்குப் பதிலாக ஆகாயம் ஆடுவதையே காண்கின்றனர். இரண்டாவது எண் பெரிதானால் மங்கிய பொழுதிலும் தெளிவு கூடும், எடையும் கூடும். சங்கத்தின் உபவிதி இடங்கொடுத்தால் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கி வைக்கலாம். பத்துப்பேருக்கு ஒரு கண்ணாடி போதுமானதே. கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடலாகாது. வெறுங்கண்ணால் பறவையைக் கண்டு, பார்வையை அதன்மேலேயே நிறுத்தி, கண்ணாடியைக் கண்ணருகே உயர்த்த வேண்டும். இதனை வீட்டுக் கூரைக் காக்கையிடம் பழகிக்கொண்டு செல்லலாம். சூரியனை எக்காரணத்தாலும் கண்ணாடி வழியே பார்க்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கண் போய்விடும்.

பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு ஆடைகளைத் தவிர்த்து மண்ணிறமோ பசுமையோ உள்ள ஆடையுடுத்திச் செல்லுதல் நன்று. சூரியன் பார்ப்பவர் முதுகுப்புறம் இருக்குமாறு இடம் தெரிந்துகொண்டால் நிறம் தெளியும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கரிக்கட்டையாகவே தோன்றும். வானொலி, ஒலிபெருக்கி, கைப்பேசிப் பாட்டு இவை வேண்டா. ஏரியின் மீது பறக்கும் படக்கருவி விடுவது கூடவே கூடாது.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு சொல்வது சர்க்கார் பலகையில் எழுதியிருப்பதால் மாத்திரமன்று. ஒரு சிறுவன் கரையிலிருந்து ஒரு கல்லை விட்டெறிவதாக வைத்துக்கொள்வோம். கல் எந்தப் பறவைமீதும் படவில்லை. ஆயினும் ஒரு மரத்துப் பறவைகள் யாவும் ஒருங்கே எழும்புகின்றன. பார்ப்பவருக்கு அது கண்கொள்ளாக் காட்சி, பலர் அதற்காகவே கைதட்டுகின்றனர். ஆனால் அக்கணத்தில் கூடுகள் காவலற்றுக் கிடக்கின்றன. காக்கையும் பருந்தும் இதற்கென்றே காத்திருக்கின்றன. இரண்டு நிமிஷத்தில் அவை முட்டையையும் இளங்குஞ்சையும் தூக்கிச் சென்றுவிடும். அவ்விரண்டிற்கும் தப்பிய குஞ்சு வெயிலுக்குத் தப்புவதில்லை. இறகு முளையாத குஞ்சுக்கு உச்சி வெயில் நஞ்சு. தாய் நாரை கூட்டின்மேல் சிறகை விரித்துக் குடைபோல் நிற்பதெல்லாம் அதற்காகவே. மேலும், மிரண்ட குஞ்சு தின்ற மீனைக் கக்கிவிடுகிறது. தாய் பலகாதம் பறந்து கொண்டுவந்த இரை ஒரு கைதட்டலில் ஜலத்தில் விழுகிறது. சில குஞ்சுகள் கிளையிலிருந்து தவறியே விழுந்துவிடுகின்றன. கல் எறிந்த சிறுவன் இவையொன்றையும் அறியான். அறிந்தால் எறியமாட்டான் என்றே கொள்ள வேண்டும், ஆகையால் அவனுக்கு அடிகொடுப்பதினும் கூட்டை ஒருமுறை கண்ணாடி வழியே காட்டுவதே மேலான தண்டனை.

இதனை நன்கறிந்த கிராமங்கள் இன்னும் சில உள. சிவகங்கை ஜில்லா வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியார் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகள் உள்ள வீடுகளில் அது எளிய விரதமன்று. திருநெல்வேலி ஜில்லா கூந்தங்குளத்தில் பறவைகள் குளத்தளவில் நில்லாது தெருவிலும் கொல்லையிலும் உள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் வீட்டுவாசல் வரை வந்தும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை.

நீர்ப்பறவைகள் சிறு கூட்டமாகவேனும் கூடு கட்டும் ஏரி உள்ள ஊர்ச் சங்கத்தார்க்கு ஒரு விஷயம். வேடந்தாங்கலைப் பார்த்து வந்தபின் தங்கள் ஊரிலும் அவ்வாறு நடக்கட்டும் என்று தீர்மானம் போடுவது எளிது. சங்கடம் மாசி மாதத்தில் வரும். கூழைக்கடாவின் முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும், வெளிவந்த குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்குக் குறையாது. மார்கழியில் முட்டையிட்டால் சித்திரை வரையிலேனும் மரத்தடியில் ஜலம் நிற்க வேண்டும். அப்போதுதான் கடைமடைக்காரர் பயிர் ஜலத்துக்குத் தவிக்கும். மதகைத் திறந்துவிட்டால் பயிர் பிழைக்கும், அகழி வற்றும், நாயும் நரியும் மரத்தடிக்கு வரும். மதகை மூடிவைத்தால் குஞ்சு பிழைக்கும், கடைமடைக்காரர் குடும்பம் வாடும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கும் கொக்கின்மேல் மனக்குறை உண்டு. இவர்களையெல்லாம் ‘பட்சி துரோகிகள்’ என்று பேசுவது நியாயமன்று. நஷ்டம் ஒருவர் தலையிலும் நன்மை எல்லோர் வயலிலும் விழும்படி விட்டால் எந்த ஏற்பாடும் மூன்று வருஷத்துக்கு மேல் நிற்காது. பருவத் தொடக்கத்திலேயே, ஏரி நிரம்பிய மாதத்தில், மரங்கள் நிற்கும் பள்ளத்தில் எவ்வளவு ஜலம் நிறுத்துவது, அதற்கேற்ப எத்தனை ஏக்கரில் குறுகிய காலப் பயிரோ புன்செய்ப் பயிரோ வைப்பது, குறைந்த ஜலத்தை எந்த முறையில் பங்கிடுவது என்று ஆயக்கட்டுதாரர் கூடிப் பேசிவிட வேண்டும். மாசியில் மதகடியில் நின்று பேசினால் பேச்சு தடியில் முடியும்.

மரம் நடுவதிலும் அவசரம் கூடாது. எச்சம் அளவுக்கு மிஞ்சினால் இலை வெந்து, பழைய மரம் பட்டுப்போவதுண்டு. ஆகையால் ஏரியுள் கோடையில் கன்று நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலியிட்டு, பழைய மரம் நிற்கும்போதே அடுத்த மரத்தை உண்டாக்க வேண்டும். ஜலத்தில் மாதக்கணக்கில் நின்றும் அழுகாத நீர்க்கடம்பு இதற்கு ஏற்றது.

கடைசியாகக் கணக்கு. பறவைகளை எண்ணுவது கூட்டுறவுச் சங்கத்தார்க்குப் பொருந்திய வேலை. பறக்கும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அவை ஆகாயத்தில் எவ்வளவு இடம் கொள்கின்றன என்று கண்ணால் அளந்துகொண்டு, அவ்வளவு இடம் முழுக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பார்க்க வேண்டும். முப்பது முறை அடங்கினால் சுமார் 300. இருவர் தனித்தனியே எண்ணி, எண்ணி முடியும் வரையில் ஒருவருக்கொருவர் சொல்லாதிருக்க வேண்டும். ஒருவர் 240 என்றும் மற்றவர் 300 என்றும் சொன்னால் இரண்டையுமே எழுதுக. நடுவில் ஒரு தொகையைக் கூட்டிப்போட்டு ‘270’ என்று எழுதுவது ரொக்கப் புத்தகத்தில் இருப்புக்கு ஏற்ப வரவைத் திருத்துவதை ஒக்கும். எண்ணாததை எண்ணியதாக எழுதவே கூடாது. மதிப்பிட்டதாயின் ‘மதிப்பு’ என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

கூடுகளை எண்ணுவதாயின் வருஷந்தோறும் கரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே மரங்களையே எண்ண வேண்டும். இடம் மாறினால் கணக்குப் பயன்படாது. நோட்டில் தேதி, மணி, வானிலை, மதகுக் கல்லில் ஜலம் நிற்கும் அளவு, பறவையின் பெயர், தொகை, எண்ணியவர் கையெழுத்து ஆகியன இருத்தல் வேண்டும். பெயர் தெரியாத பறவையைத் தெரிந்த பெயரால் எழுதாமல், அலகு இன்னது, கால் இன்னது, கழுத்தை நீட்டிப் பறந்தது அல்லது மடித்துப் பறந்தது என்று எழுதிவைத்தால் பிறகு அறிந்தவர் பார்த்துச் சொல்வர். காலில் வளையமிட்ட பறவை தென்பட்டால் அதனைப் பிடிக்க முயலாது, கண்ணாடி வழியே எழுத்தும் எண்ணும் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். செத்துக் கிடந்த பறவையாயின் வளையத்தில் உள்ள எண்ணைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். 1883-ல் ஏற்பட்ட அக்கழகம் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் பயண வழிகளை ஆராய்ந்து வருகிறது. கிராமத்துக் கடிதம் ஒன்று பல ஆயிரம் கிலோமீட்டர்ப் பிரயாணத்தின் மறுமுனையைக் காட்டக்கூடும்.

இந்நோட்டைச் சங்கக் காரியதரிசி சங்கத்தின் மற்றக் கணக்குகளோடு வைத்திருக்கலாம். மழை பொய்த்து ஏரி காய்ந்து பறவை வராத வருஷத்தில் பலர் நோட்டைத் திறப்பதேயில்லை. அவ்வருஷத்துப் பக்கமே முக்கியமானது. வழக்கமான நாட்களில் கரைக்குச் சென்று, வழக்கமான இடத்தில் நின்று, தேதியிட்டு, ‘ஜலம் இல்லை, கூடு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த மழைக்குப்பின் எத்தனை நாளில் முதல் நத்தைகுத்தி வந்திறங்கிற்று என்பதை அப்பக்கத்துக்குக் கீழேயே எழுதலாம்.